கண்ணாடியில் இருந்ததை எழுதியவன்

எங்கள் கருங்காலிக்குப்பத்தில் மழையை உழவில்தான் அளப்போம். "ஒரு உழவு மழை பெஞ்சுது" என்றால் ஒரு தடவை ஏர் ஓட்டுகிற அளவுக்கு மண் நனைந்தது என்று பொருள். இரண்டு உழவு பெய்தால் வாயெல்லாம் பல். அரை உழவு என்றால் வானத்தைப் பார்த்து நாலு வார்த்தை திட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. 1909-ல் சர்க்கார் வந்து, இனிமேல் மழையை அங்குலத்திலும் சென்டிலும் அளக்க வேண்டும் என்று சொன்னது. அன்றைக்குப் பிடித்தது சனி.

சென்டு என்றால் எங்களுக்கு நிலம். முதல் மழையை அளந்த மறுநாள், அளவு பார்க்கிற பங்களாக் காவல்காரன் முனிரத்தினம் ரொம்பப் பெருமையாக, "நேத்து இருபத்தஞ்சு சென்டு மழை" என்று ஊருக்குள் சொன்னான். கேட்டவர்கள் எல்லாரும், "யாரு நெலத்துல?" என்று கேட்டார்கள். ஓர் அங்குலத்தை நூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு சென்டு என்று பள்ளிக்கூடத்துப் பலகையில் கோடு போட்டுக் காட்டினேன். பாதிப் பேர் நம்பவில்லை. நனைந்த இருபத்தைந்து சென்டும் தன் பங்காளியுடையது என்று முடிவுகட்டி, காசி என்கிற ஆள் ஒரு வாரம் யாரோடும் பேசாமல் முறைத்துக்கொண்டு திரிந்தான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒடுகத்தூருக்கு மேற்கே காட்டோரம் இருக்கிற இந்த ஊரின் பள்ளிக்கூட வாத்தியார். தபால் வேலையையும் என் தலையில்தான் கட்டியிருந்தார்கள். அடுத்தவர் கார்டை நான் படிப்பேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் படிப்பதில்லை. அவைதான் திறந்தபடி வந்து என் கண்ணில் விழுகின்றன. முனிரத்தினத்தின் கதை எனக்கு முழுசாகத் தெரிந்தது அப்படித்தான்.

முனிரத்தினம் என் வயசுக்காரன். இளவயசில் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டுகிற வேலை பார்த்தான். கால் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோனதும் ஊருக்குத் திரும்பினான். எண்ணும் எழுத்தும் தெரியும் என்பதால் காட்டு இலாகா அவனைத் தன் பங்களாவுக்குக் காவல்காரனாகப் போட்டது. மழை அளக்கிற கருவியைப் பங்களா முற்றத்தில் நட்டபோது, அதைப் பார்க்கிற வேலையும் அவனுக்கே வந்தது. வாரம் ஒரு கார்டில் ஏழு நாள் மழையையும் எழுதி அனுப்ப வேண்டும். கார்டு வடக்கே எங்கேயோ இருக்கிற மழை ஆபீசுக்குப் போகும், நகல் ரேஞ்சருக்குப் போகும்.

அந்தக் கருவியைப் பார்த்திருந்தால் நீங்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒரு முழ உயரத்தில் காரைப் பீடம். அதன் மேல் பளபளவென்று ஒரு செம்புப் புனல். சுற்றிலும் வேலி. ஆடு வரக்கூடாது, மாடு வரக்கூடாது, மரத்தின் நிழல்கூட விழக்கூடாது என்று உத்தரவு. தினமும் காலை எட்டு மணிக்கு முனிரத்தினம் கிணற்றடியில் குளித்து, தலைப்பாகை கட்டி, செருப்பைக் கழற்றி வேலிக்கு வெளியே விட்டு உள்ளே போவான். குனிந்து புனலைத் தூக்குவான். அடியில் இருக்கிற தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, சூரியனுக்கு நேரே பிடித்து, உதடு அசைய எண்ணுவான். இதைப் பூசை இல்லை என்று யாராவது சொன்னால் அவருக்குப் பூசை என்றால் என்னவென்று தெரியாது.

இரண்டாவது வருஷமே பீடத்தில் குங்குமம் ஏறியது. அதற்கு அடுத்த வருஷம் பெயரும் கிடைத்துவிட்டது: செம்பாத்தா.

முனிரத்தினத்திடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யோசிப்பான். 1911-ல் ஒரு நாள், "கண்ணாடியில் ஏழு சென்டு உள்ளது, ஆனால் தரை காய்ந்துள்ளது, பனியாக இருக்கலாம்" என்று கார்டில் எழுதிவிட்டான். பதினைந்தாம் நாள் மெமோ வந்தது. அதை நான்தான் அவனுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். 'கண்ணாடியில் இருப்பதை எழுதுவதே பார்ப்பவரின் கடமை. எப்படி வந்தது என்று ஆராய்வது அவர் கடமையல்ல. மறுபடி நடந்தால் வேலை போகும்.'

"அப்ப நான் இன்னா பாக்கணும், இன்னா பாக்கக்கூடாது?" என்று கேட்டான்.

"கண்ணாடியப் பாரு. தரையப் பாக்காதே" என்றேன். ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன். அவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷம் அந்த மனுஷன் தரையைப் பார்க்கவில்லை.

பெண்கள் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தது எப்போது என்று எனக்குத் தேதி தெரியாது. ஆடி வெள்ளிக்கிழமைகளில், பொழுது விடிகிற நேரம், முனிரத்தினம் பங்களாவின் பின்பக்கம் வெந்நீர் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருக்கும்போது வருவார்கள். ஆளுக்கு ஒரு கை தண்ணீர் செம்பாத்தாவின் வாயில் விடுவார்கள். "நாங்க குடுக்கறோம், நீயும் குடு" என்பது கணக்கு. அந்தப் புனலின் வாய் சின்னது. ஒரு கை தண்ணீர் விழுந்தால் கண்ணாடியில் சுமார் பத்து சென்டு காட்டும். அதாவது எங்கள் ஊரில் பத்துப் பெண்கள் கையை நீட்டினால் ஓர் அங்குல மழை.

மழை நன்றாகப் பெய்கிற வருஷத்தில் யாருக்குச் செம்பாத்தா ஞாபகம் வரும்? நாற்று நடவே நேரமில்லை. இரண்டு மூன்று பேர் வந்து போவார்கள். வானம் ஏமாற்றுகிற வருஷத்தில்தான் கூட்டம். வெயில் ஏற ஏறத் தண்ணீர் ஊற்றுகிற கையும் ஏறும். ஆடி தாண்டி ஆவணி, புரட்டாசி என்று வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார்கள். ஆக, ஊர் எவ்வளவு காய்ந்ததோ அவ்வளவு மழை முனிரத்தினத்தின் கார்டில் பெய்தது.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவி யார் தெரியுமா? முனிரத்தினத்தின் பெண்சாதி வள்ளியம்மாள்.

அவனுக்குத் தெரியாதா என்று பல பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நானே அவனைக் கேட்டேன். "தெரியும்னு சொன்னாலும் பொய் வாத்தியாரே, தெரியாதுன்னு சொன்னாலும் பொய்" என்றான். வெள்ளிக்கிழமைகளில் பீடத்தைச் சுற்றி மட்டும் தரை ஈரமாக இருக்கும். ஆனால் அவன்தான் தரையைப் பார்க்கிறதில்லையே! எல்லாம் என்னால் வந்த வினை.

1921-ல் மழை ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்தத் தடவை மெமோ இல்லை, பாராட்டு. அங்கே சீனிவாசன், எம்.ஏ., என்று ஒரு ஆபீசர். அவருக்கு ஆராய்ச்சி வேலை. ஐப்பசியில் மழை எப்படி இருக்கும் என்பதை ஆடியிலேயே சொல்லிவிட முடியுமா என்று தேடிக்கொண்டிருந்தார். அதற்காக நூற்றுக்கணக்கான ஊர்களின் மழைக் கார்டுகளை வரிசையாக அடுக்கி, எந்த ஊர் எந்த ஊரோடு சேர்ந்து ஏறுகிறது, எந்த ஊர் இறங்குகிறது என்று கணக்குப் போட்டார். அதில் அவருக்கு ஒரு புதையல் கிடைத்தது. வேலூர், ஆம்பூர், குடியாத்தம் எல்லா இடத்திலும் மழை குறைகிற வருஷத்தில் கருங்காலிக்குப்பத்தில் மட்டும் கூடுகிறது! அங்கே கூடினால் இங்கே குறைகிறது. கிணற்று ஏற்றம் மாதிரி. அது மட்டுமா, ஆடியில் எங்கள் ஊரில் மழை ஜாஸ்தியானால், ஐப்பசியில் ஜில்லா முழுவதும் மழை கம்மி. மூன்று வருஷம் பார்த்திருக்கிறார், மூன்று வருஷமும் தப்பவில்லை.

'உங்கள் ஊர் மலைகளின் அமைப்பைப் பற்றி எழுதவும்' என்று கேட்டிருந்தார். நான் மலைகளைப் பற்றி நாலு பக்கம் எழுதினேன். ஜவ்வாது மலையில் காற்று எப்படி முட்டித் திரும்புகிறது என்றெல்லாம் அளந்துவிட்டேன். எனக்கு என்ன தெரியும் காற்றைப் பற்றி? ஆனால் எம்.ஏ. படித்தவர் கேட்கும்போது தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. என் நாலு பக்கத்தையும் அவர் தன் கட்டுரையில் சேர்த்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

அப்புறம் வந்தது 1923, ருத்ரோத்காரி வருஷம். ரத்தம் கக்குகிற வருஷம் என்று பெயரிலேயே இருக்கிறதே! ஆனியில் ஒரு தூறல். ஆடியில் காற்று மட்டும். ஆவணியில் நிலக்கடலைச் செடி அப்பளம் மாதிரி நொறுங்கியது. கிணற்றில் கயிறு போதவில்லை. புல் என்கிற பொருள் ஊரில் இல்லை. மாடுகள் கூரையில் இருந்த ஓலையை இழுத்துத் தின்ன ஆரம்பித்தன.

எங்கள் ஊருக்கு மேற்கே இருப்பது சர்க்கார் காடு. அங்கே மரத்தடியில் புல்லும் தழையும் இருந்தது. ஓடையில் தண்ணீரும் இருந்தது. ஆனால் மாடு நுழையக்கூடாது, கேட்டு பூட்டியிருக்கும். பஞ்ச காலத்துக்கு மட்டும் ஒரு விதி உண்டு. ஆனியிலிருந்து புரட்டாசி வரை பெய்த மழை வழக்கத்தில் பாதிக்கும் கீழே இருந்தால் ரேஞ்சர் கேட்டைத் திறக்கலாம். பக்கத்து ஊரில் கேட்டு திறந்தாயிற்று. அவர்கள் மாடு காட்டுக்குள் போய் வயிறு நிறையத் தின்று திரும்புகிறது. நாங்களும் மனு எழுதினோம். எழுதியது நான். பதினைந்து பேர் கைநாட்டு வைத்து, ரேஞ்சர் வந்தபோது நேரில் கொடுத்தோம்.

ரேஞ்சர் மனுவைப் படித்தார், தன் நோட்டைப் புரட்டினார், எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னய்யா வெளையாடறீங்களா? இந்தத் தாலூகாவிலேயே உங்க ஊர்லதான் ஜாஸ்தி மழை. இருபத்திரண்டு அங்குலம்! வழக்கத்தைவிட மேல. நான் எப்படிக் கேட்டைத் தெறக்கறது?"

 எங்களுக்குப் பின்னால் புழுதி ஆளுயரத்துக்கு எழும்பிப் போய்க்கொண்டிருந்தது. ரேஞ்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே குதிரை ஏறினார்.

எல்லாரும் முனிரத்தினத்தின் மேல் பாய்ந்தார்கள். "இன்னாடா எழுதித் தொலைச்சே?" என்று காசி அவன் தலைப்பாகையைப் பிடித்து இழுத்தான்.

"கண்ணாடியில இருந்ததை எழுதினேன்."

"வானத்துல இல்லாதது கண்ணாடிக்கு எப்படிடா வந்துச்சு?"

 அன்றைக்குத்தான் முனிரத்தினம் குனிந்து தரையைப் பார்த்ததை நான் கவனித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடிகிற நேரம் அவன் அடுப்படிக்குப் போகவில்லை. பங்களாத் தூணுக்குப் பின்னால் நின்றான். என்னையும் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டான். பெண்கள் வந்தார்கள். எண்ணினேன், முப்பத்திரண்டு பேர். முதல் கையை நீட்டியவள் வள்ளியம்மாள்.

முனிரத்தினம் வெளியே வந்தான். "இன்னாமே பண்றே?"

"இன்னா பண்ணுவாங்க? ஆத்தாளுக்குத் தண்ணி ஊத்தறேன்."

"அது ஆத்தா இல்லமே, சர்க்கார் சாமான்!"

"அப்ப நீ மட்டும் தினமும் குளிச்சுட்டு வந்து கும்பிடற?"

"நான் எங்க கும்பிட்டேன்? மழை எம்மாம் பெஞ்சுதுன்னு பாக்கறேன்."

"பெஞ்சாத்தான் ஊரே பாக்குதே. அதை வேற தனியா ஒரு ஆளு பாக்கணுமா?" என்றாள் வள்ளியம்மாள்.  

அவன் பீடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான். அவர்கள் ஊற்றியதெல்லாம் மழையாக எழுதப்பட்டது, எழுதியதெல்லாம் ரேஞ்சர் நோட்டில் ஏறியது, அதனால்தான் கேட்டு பூட்டியிருக்கிறது.  முன்னால் நின்ற பூவம்மாள் கையில் இருந்த மிச்சத் தண்ணீரைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அவள் வீட்டு எருது முந்தின நாள்தான் செத்திருந்தது.

"மழைக்குன்னு ஊத்தின தண்ணியே நம்ம மாட்டை அடிக்குதா?" என்றாள் வள்ளியம்மாள்.  அவர்கள் வீட்டில் ஒரே ஒரு மாடு. ஏழு மாசச் சினை. பிள்ளையில்லாத வீடு அது. அந்த மாட்டைத்தான் பிள்ளை மாதிரி வளர்த்தாள். இரண்டு நாளாக அது தானாக எழுந்திருக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

அன்று மத்தியானம் ஆம்பூரிலிருந்து தோல் மண்டி ரஷீத் அஹமது வந்தார். மாடு சாகிற காய்ந்த வருஷத்தில் அவருக்கு வேலை ஜாஸ்தி, நாலு வண்டியோடு வருவார். மனுஷன் நல்லவர். வள்ளியம்மாளின் மாட்டைச் சுற்றி வந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதை நான் வெலைக்குக் கேக்கல முனிரத்தினம். சினை மாடு. கேட்டா எனக்குத் தூக்கம் வராது. காட்டுல விட்டா பொழைச்சுக்கும். பத்து நாள், அதுக்கு மேல தாங்காது" என்றார்.

"கேட்டு தெறக்க மாட்டேங்கறாங்க பாய்."

"உன் கார்டாலதானே? நீதான் தோஸ்த் தெறக்கணும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

சாயங்காலம் முனிரத்தினம் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். மழை ஆபீசுக்குக் கடிதம் எழுது என்றான். "கண்ணாடியில இருந்தது மழை இல்ல, கையால ஊத்தின தண்ணின்னு எழுது."

"யோசிச்சுச் சொல்லு. சர்க்கார் கருவியில கை வெச்சா கேசு. ஒனக்கு வேலை போவும். பொம்பளைங்களை இழுத்துட்டுப் போவான்" என்றேன்.

"யாரு ஊத்தினாங்கன்னு எழுதாதே. ஊத்தின தண்ணின்னு மட்டும் எழுது. அது நெஜம்தானே?"

எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய ஒரே உருப்படியான இங்கிலீஷ் அதுதான்.

ஆறாம் நாள் சீனிவாசனே வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயசு இருக்கும், மெலிந்த உடம்பு, மூக்குக்கண்ணாடி, வெள்ளைக் கோட்டு முழுக்கப் புழுதி. ஆம்பூரில் ரயிலை விட்டு இறங்கி ஜட்கா வண்டியில் வந்திருந்தார். அவர் கையில் ஒரு நீள உருளை. பிரித்தால் சுருள் காகிதத்தில் ஒரு கோடு மேலே போகிறது, இன்னொரு கோடு கீழே வருகிறது. கீழே வருவது ஜில்லா, மேலே போவது நாங்கள்.

ஊற்றுகிறவர்களுக்குத் தலைவி யார் என்று ஊரில் கேட்டுத் தெரிந்துகொண்டு, பங்களாத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வள்ளியம்மாளைக் கூப்பிட்டு விசாரித்தார். அதட்டவில்லை. என்னவோ ஆசையாகக் கேட்டார்.

"எப்பம்மா ஊத்த ஆரம்பிப்பீங்க?"

"பயம் வந்தா ஊத்துவோம் சாமி."

"பயம் எப்ப வரும்?"

"கெணத்துல கயிறு ரெண்டு முழம் கூடப் போனா வரும். ஆடிக்காத்து அடிக்கச்சொல்ல மண்ணுல வாசனை இல்லாட்டி வரும். மாடு வெயில்ல நின்னுக்கினு நெழலுக்குப் போவாம இருந்தா வரும். இன்னும் எம்மானோ இருக்குது. சொன்னா உங்களுக்கு எழுத நோட்டு பத்தாது."

அவர் எழுதினார். எழுத எழுத அவர் முகம் மாறிக்கொண்டே போனது. கடைசியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"நாங்க பன்னிரண்டு பேர் உட்கார்ந்து கணக்குப் போட்டு ஐப்பசி மழையைச் சொல்லப் பார்க்கிறோம். இந்த அம்மாவுக்கு ஆடியிலேயே தெரிஞ்சிருக்கு. நான் மூணு வருஷமா அளந்தது மழையை இல்ல வாத்தியாரே, இவங்க பயத்தை!" என்று என்னிடம் சொன்னார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்ப அதையே எழுதலாமே" என்றேன்.

"எழுதலாம். எந்த விஞ்ஞான சபையில படிக்கிறது?"

 பிறகு முனிரத்தினத்தைப் பார்த்து மெதுவாகப் பேச ஆரம்பித்தார். அவர் சொன்னதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். "இதோ பாருப்பா. உன் கடிதம் இன்னும் என் பையில்தான் இருக்கு. யாரும் பார்க்கலை. காரணம் எதுவா இருந்தாலும் இந்தக் கணக்கு சரியா வருது. இதை வெச்சு வருஷா வருஷம் முன்கூட்டியே பஞ்சத்தைச் சொல்லலாம். நூறு வருஷத்துக்கு ஜில்லா பூராவும் பொழைக்கும். இப்ப ரிஜிஸ்டரைத் திருத்தினா எல்லாம் போச்சு. இந்த ஒரு வருஷம் பொறுத்துக்கக்கூடாதா?"

"நூறு வருஷத்துக்கு மாடு நிக்காது எசமான்" என்றான் முனிரத்தினம். "தீவாளி வரைக்கும் நின்னா பெரிசு."

சீனிவாசன் தலை குனிந்துகொண்டார். நல்ல மனுஷன்தான், எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. அந்தக் காகிதச் சுருளைத் தன் கையாலேயே சுருட்டிக் கட்டினார். கட்டும்போது இரண்டு தடவை முடிச்சு நழுவியது.

"சரி. ரிஜிஸ்டரைத் திருத்தணும்னா எழுத்து மூலமா வாக்குமூலம் வேணும். யார் ஊத்தினது, பேரு வேணும். பேரில்லாட்டி சர்க்கார் கணக்குல அது ஊத்தின தண்ணி ஆகாது, மழையாத்தான் இருக்கும்."

வள்ளியம்மாள் முன்னால் வந்தாள். "எம் பேரைப் போடுங்க சாமி. நான்தான் முதல்ல."

அவளுக்குப் பின்னால் பூவம்மாள், "எம் பேரும்" என்றாள். அதற்குப் பின்னால் இன்னும் நாலு குரல். சீனிவாசன் பேனாவைப் பிடித்தபடி திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். முனிரத்தினம் அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கினான். மேசையில் வைத்து, அவன் கார்டில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில் எழுதினான். எழுதி முடிக்கும் வரை யாரையும் பார்க்கவில்லை.

'மேற்படி கருவியில் இத்தனை வருஷமாக நானே தண்ணீர் ஊற்றினேன். வேறு யாருக்கும் சம்பந்தமில்லை.'

"எப்பா, இதுக்குக் காரணம் கேப்பாங்க" என்றார் சீனிவாசன்.

"எப்படி வந்துச்சுன்னு ஆராயறது என் வேலை இல்லைன்னு மெமோ இருக்குது எசமான்" என்றான்.

 பதினாலு வருஷம் அவன் நெஞ்சறிந்து ஒரு பொய் எழுதவில்லை, ஆனாலும் அவன் அனுப்பிய கார்டெல்லாம் பொய்யாகப் போனது. இன்றைக்கு முதல் தடவையாக முழுப்பொய் ஒன்று எழுதினான். சர்க்கார் எந்தக் கேள்வியும் கேட்காமல் நம்பியது அதை மட்டும்தான். சீனிவாசனுக்கு அது பொய் என்று தெரியும். கையெழுத்துக்குக் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன்.

நாலாம் நாள் கேட்டு திறந்தது. எங்கள் ஊர் மாடுகளில் நடக்க முடிந்தவை நடந்து போயின, முடியாதவற்றைப் பிடித்துக்கொண்டு போனோம். வள்ளியம்மாளின் மாட்டை எட்டுப் பேர் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் ஓடைக்கரையில் இறக்கினார்கள். அது படுத்தபடியே பக்கத்தில் இருந்த புல்லைக் கடித்தது. வள்ளியம்மாள் ஓவென்று அழுதுவிட்டாள்.

கேட்டு திறந்த மறுநாள் முனிரத்தினத்துக்கு வேலை போனது. கேசு போடாமல் விட்டதே சீனிவாசன் சொல்லித்தான். பங்களாவை ஒட்டியிருந்த வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். ரஷீத் அஹமது ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் சொல்லி இடம் வாங்கிக் கொடுத்தார். சுண்ணாம்புக் குழியில் இறங்க வேண்டாம், வயசாயிற்று, தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிற இடத்தில் இருக்கட்டும் என்று. மாட்டை ஓட்டிக்கொண்டு அவர்கள் போனபோது ஊரே மாதனூர் ரோடு வரை கூட நடந்தது.

அந்த வருஷம் ஐப்பசிக் கடைசியில் மழை வந்தது. மூன்று நாள் கொட்டித் தீர்த்தது. அளக்க ஆள் இல்லை. புதுக் காவல்காரன் வந்து சேர இரண்டு மாசம் ஆயிற்று.

1926-ல் மழை ஆபீசிலிருந்து ஒரு பார்சல் வந்தது. தடித்த அச்சுப் புத்தகம், 1923 வரை எல்லா ஊர்களின் மழைக் கணக்கும் அதில். விலாசத்தில் 'முனிரத்தினம், பார்ப்பவர், கருங்காலிக்குப்பம்' என்று போட்டிருந்தது. வேலையை விட்டு நீக்கியவர்கள், விலாசப் பட்டியலிலிருந்து நீக்க மறந்துவிட்டார்கள். பிரித்துப் பார்த்தேன். எங்கள் ஊர் இருந்த இடத்தில் எண்களே இல்லை, வெறும் கோடு. கீழே பொடி எழுத்தில் நாலு வரி. படித்ததும் எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. புத்தகத்தை அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாதனூருக்கு வண்டியிலும் அங்கிருந்து மோட்டார் பஸ்ஸிலும் ஆம்பூருக்குப் போனேன்.

முனிரத்தினம் பட்டைக் குவியலுக்கு நடுவே உலக்கையோடு நின்றிருந்தான். தலை முழுக்கத் தூள். என்னைப் பார்த்ததும் முதலில் மாட்டுச் சமாசாரம் சொன்னான். அன்றைக்கு வயிற்றில் இருந்த கன்று கிடாரியாகப் பிறந்து, இப்போது அதுவே சினையாக இருக்கிறதாம்.

"அதை விடு. இதைக் கேளு. உன்னைப் பத்தி இன்னா அச்சடிச்சிருக்கான் பாரு!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"படி வாத்தியாரே."

தமிழாக்கிப் படித்தேன். "'இவ்வூரில் பார்ப்பவராக இருந்த முனிரத்தினம் என்பவர் தாமே கருவியில் தண்ணீர் ஊற்றி வந்தமை அவருடைய வாக்குமூலத்தால் தெளிவாகிறது. அவர் நம்பத்தகாதவர். 1909 முதல் 1923 வரை அவர் எழுதிய எதையும் ஆராய்ச்சியாளர் எவரும் பயன்படுத்தலாகாது.' இங்கிலாந்து வரைக்கும் போகுதுய்யா இந்தப் புத்தகம்! நம்பத்தகாதவராம்! சீனிவாசனுக்கு ஒரு கடுதாசி போடறேன், இரு. சும்மா விடமாட்டேன்!"

அவன் உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான். புத்தகத்தை வாங்கி அந்த நாலு வரியையும் விரலால் தடவிப் பார்த்தான். இங்கிலீஷ் அவனுக்குத் தெரியாது.

"எம் பேரு எது?"

காட்டினேன்.

"வேற பேரு ஏதாவது இருக்குதா? வள்ளியம்மா, பூவம்மா, யாரு பேராவது?"

"இல்ல."

"நல்லாப் பாரு."

இன்னொரு தடவை பார்த்தேன். "இல்லப்பா. உன் பேரு ஒண்ணுதான்."

"அப்ப சரியா எழுதியிருக்காங்க" என்று சொல்லி, புத்தகத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உலக்கையை எடுத்தான்.